பாலத்தில் நின்ற கழுதை

எங்கள் வீட்டில் ஒரு கழுதை இருபது வருஷத்துக்கும் மேலாக ஒரு பாலத்தின் நடுவில் நின்றுகொண்டிருந்தது. அதை அங்கே நிறுத்தியது யார் என்பதில்தான் சண்டை. அப்பாதான் என்று நானும் தம்பியும் சொல்வோம். நீங்கள் இரண்டு பேரும்தான் என்று அப்பா சொல்வார். அம்மா யார் பக்கமும் சேராமல் சிரிப்பாள்.

தொண்ணூற்று மூன்றில் எனக்கு ஒன்பது வயது, தம்பிக்கு ஐந்து. அப்பா திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையே பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். குவைத்திலிருந்து லீவில் வந்த சித்தப்பா ஒரு வீடியோ டெக்கையும் ஒரே ஒரு கேசட்டையும் கொடுத்துவிட்டுப் போனார். கேசட்டில் இருந்தது ஒரு இங்கிலீஷ் கார்ட்டூன் படம். பேச்சு ஒன்றும் புரியாது, கதை நன்றாகவே புரிந்தது. மலைமேல் ஓர் ஊர். அந்த ஊர்க் கோயில் மணி உடைந்துபோகிறது. கீழே பட்டணத்தில் புது மணி செய்து, அதை ஒரு கழுதையின் முதுகில் கட்டி, ஒரு சின்னப் பெண் பனியிலும் காற்றிலும் மேலே கொண்டுபோகிறாள். கழுதைக்கு இடது காது மடங்கித் தொங்கும். அந்தக் காதுக்காகவே நாங்கள் அதன்மேல் உயிரை வைத்திருந்தோம்.

கடைசியில் ஒரு கயிற்றுப் பாலம் வரும். பெண் முதலில் கடந்து போய், அந்தப் பக்கம் நின்று கூப்பிடுவாள். கழுதை பாதிப் பாலத்துக்கு வந்து நின்றுவிடும். பலகை ஒன்று உடைந்து கீழே விழும். அவ்வளவுதான், தம்பி வீறிட ஆரம்பித்துவிடுவான்.

"நிறுத்துக்கா! உழுந்துடும், நிறுத்துக்கா!"

நான் நிறுத்திவிடுவேன். மறுநாள் முதலிலிருந்து போடுவோம். மறுபடியும் பாலம், மறுபடியும் அழுகை. இப்படி ஏழெட்டுத் தடவை பார்த்திருப்போம், ஒரு தடவைகூடப் பாலத்தைத் தாண்டவில்லை. கேசட் எங்கே ஓடிப்போகிறது, என்றைக்கு வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம் என்ற தைரியம் எனக்கு.

அந்த மே மாதம் எனக்குப் புதுநன்மை. எங்கள் கத்தோலிக்க வீடுகளில் பிள்ளைகள் முதல்முதலாக நற்கருணை வாங்குகிற நாள் அது. வெள்ளைக் கவுன், தலையில் வெள்ளை முக்காடு, கையில் மெழுகுவர்த்தி என்று கல்யாணத்துக்குக் குறையாத அமர்க்களம். அப்பா வீடியோ எடுக்க ஒருவரை ஏற்பாடு செய்தார். "கேசட் இருந்தா குடுங்க சார், அதுலயே எடுத்துடறேன்" என்றார் அவர். நாங்கள் பாலத்தில் நிறுத்தியபடியே டெக்கில் கிடந்த கேசட்டை அப்பா எடுத்து அதன் சின்ன ஜன்னல் வழியாகப் பார்த்தார். ஒரு பக்கம் டேப் தடிமனாகச் சுற்றியிருந்தது, மறுபக்கம் மெலிசாகக் கொஞ்சம் மிச்சம் இருந்தது. படம் அதோடு முடிந்தது, மிச்சம் காலி என்று முடிவு செய்துவிட்டார். பழைய நோட்டுகளில் மிஞ்சிய தாள்களைப் பிரித்துத் தைத்து எங்களுக்குப் புது நோட்டு செய்து தருகிற மனிதர் அவர். அவர் கண்ணுக்கு அது வீணாகக் கிடக்கிற டேப்பாகத்தான் தெரிந்திருக்கும்.

கேசட் திரும்பி வந்த அன்று தெருவே எங்கள் வீட்டில் உட்கார்ந்திருந்தது. பிள்ளைகள் கேட்டார்கள் என்று அப்பா கார்ட்டூனை முதலில் போட்டார். பாலம் வந்தது. கழுதை நின்றது. தம்பி அழுவதற்கு வாயைத் திறந்தான். திரை முழுக்க வெள்ளைப் புள்ளிகள் கொட்டின. அவை விலகியதும் வெள்ளைக் கவுனில் நான் நின்றுகொண்டிருந்தேன்.

தம்பி அழ மறந்து எழுந்து நின்றான். "ஐய்யோ, கழுத அக்காவா மாறிடுச்சு!"

தெரு சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. அன்றைக்கே அவன் முதுகில் ஒன்று வைத்தேன். என் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டாரிடமும் அதைச் சொல்லிக் காட்டினான், அன்றைக்கும் வைத்தேன்.

அந்த வீடியோவில் கோயில் வாசலில் அம்மா எனக்கு முக்காடு குத்திவிடுவாள். பல்லிடுக்கில் இரண்டு ஊசி இருக்கும். தம்பி அவள் புடவையைப் பிடித்து இழுத்துக்கொண்டே, "ம்மா, கழுத தாண்டிடுமாம்மா?" என்று கேட்பான். அம்மா அவனைப் பார்க்காமலே, ஊசியைக் கடித்துக்கொண்டு, "தாண்டிடும்டா, செத்த கம்முனு இரு" என்பாள். கேமரா உடனே பங்குச் சாமியார் பக்கம் திரும்பிவிடும்.

நான் பிளஸ் டூ படிக்கும்போது அம்மா ஒரு காய்ச்சலில் இறந்துபோனாள். அவள் நடந்து, பேசி, எரிச்சல் படுகிற படம் எங்களிடம் அது ஒன்றுதான் இருந்தது. தம்பி வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே அந்தக் கேசட்டைச் சென்னையில் கொடுத்து சிடியாக மாற்றினான். கழுதையையும் விடாமல் போடச் சொன்னானாம். அம்மாவைப் பார்க்க வேண்டும் என்று தோன்றுகிறபோதெல்லாம் பாலத்திலிருந்துதான் ஆரம்பிப்போம். கழுதை நிற்கும், பலகை விழும், புள்ளிகள் கொட்டும், அம்மா வருவாள்.

முடிவை நாங்கள் தேடிப் பார்த்திருக்கலாம். இன்டர்நெட் வந்தபிறகு இரண்டு நிமிஷ வேலை. ஆனால் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மூன்று பேரும் சத்தியம் செய்துகொண்டோம். பார்த்தால் சேர்ந்துதான் பார்ப்பது, தனியாகப் பார்ப்பவர் துரோகி. அதில் அப்பாதான் ரொம்பக் கறார். "நம்ப கழுதடா அது, கண்டவன் சொல்லி நாம தெரிஞ்சிக்கணுமா?" என்றார்.

போன பத்தாண்டின் நடுவில் ஒரு நாள் தம்பி சென்னையிலிருந்து போனில் கத்தினான். அந்தக் கார்ட்டூனை நிஜ மனுஷர்களை வைத்து மறுபடியும் எடுக்கிறார்களாம், தமிழிலும் வருமாம். அன்றிலிருந்து ஏழெட்டு மாதம் எங்கள் வீட்டில் வேறு பேச்சே இல்லை. டிரெய்லர் வந்ததும் என் செல்போனை அப்பா பிடுங்கிக்கொண்டார். தினம் காலையில் காபியோடு டிரெய்லர், சாயங்காலம் டீயோடு டிரெய்லர். பாலம் அரை விநாடி வரும். "லோடு ஏத்திக்கினு பாலத்துல நிக்கவே கூடாது. ஸ்லோவா போனாலும் போய்க்கினே இருக்கணும்" என்று ஒவ்வொரு தடவையும் அந்தக் கழுதைக்குப் புத்தி சொல்வார்.

தம்பிக்கு வேறு கவலை. புதுக் கழுதைக்கு இரண்டு காதும் விறைப்பாக நின்றன. "இது நம்ப கழுத இல்லக்கா! காத கவனிச்சியா? என்னா பேஜாரு பண்றானுங்க!" என்று குதித்தான். இந்தப் படத்துக்காகவே கூடியிருந்த ரசிகர் குழு ஒன்றில் சேர்ந்து ராத்திரி பகலாகச் சண்டை போட்டான். முடிவை மாற்றக் கூடாது என்று அங்கே பாதிப் பேர் போர்க்கொடி தூக்கியிருந்தார்களாம். இவன் அவர்களுக்கு எழுதினான்: "எந்த முடிவா இருந்தாலும் சரிங்க, ஒரு முடிவு இருந்தா போதும்." அவன் எழுதியதில் எனக்குப் பிடித்த வாக்கியம் அது ஒன்றுதான்.

அப்பாவுக்கு அப்போது இரண்டு கண்ணிலும் புரை. ஒரு வருஷமாக ஆபரேஷனுக்குக் கூப்பிட்டும் வராதவர், ரிலீஸ் தேதி தெரிந்ததும் தானே பாண்டிச்சேரிக்குக் கிளம்பினார். "படம் வருதுங்க டாக்டர், ஜல்தியா முடிச்சிடுங்க" என்றார். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

படம் எங்கள் திண்டிவனத்தில் வரவில்லை. விழுப்புரத்தில் ஒரே தியேட்டரில், காலைக் காட்சி மட்டும். வெள்ளிக்கிழமை ரிலீஸ். தம்பிக்கு சனிக்கிழமைதான் லீவு. கூட்டம் இல்லையென்றால் இரண்டே நாளில் தூக்கிவிடுவோம் என்று தியேட்டர்க்காரர் சொன்னதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் விழுப்புரத்தில்தான் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வெள்ளிக்கிழமை மத்தியானம் ஏழாம் வகுப்பில் ஒரு பெண் தாமதமாக வந்தாள். காலையில் படத்துக்குப் போனேன் மிஸ் என்று உண்மையையே சொன்னாள். நல்ல பிள்ளை. அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"சூப்பர் மிஸ்! கடைசியில அந்த டாங்கி..."

"வாயத் தெறந்த, நூறு தடவ வாய்ப்பாடு எழுத வெச்சிடுவேன்!" என்று கத்தினேன். அந்தப் பிள்ளைக்கு இன்றுவரை காரணம் தெரியாது.

சனிக்கிழமை விடிகாலையே தம்பி வந்து இறங்கினான். அப்பா கருப்புக் கண்ணாடியும் கஞ்சிபோட்ட சட்டையுமாகத் தயாராக நின்றார். பஸ்ஸில் முன்சீட்டில் உட்கார்ந்து, விழுப்புரம் வரைக்கும் டிரைவருக்குக் கியர் மாற்றச் சொல்லிக்கொடுத்தார். தியேட்டரில் மொத்தம் முப்பது பேர் இருந்திருப்போம். பாதி எங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். மிஸ்ஸைப் பார்த்ததும் கப்சிப்.

பனிப்புயல் காட்சியில் ஒரு மரக்கிளை கழுதையின் தலையில் விழுந்தது. எழுந்தபோது இடது காது மடங்கித் தொங்கியது. தம்பி சீட்டில் ஏறி நின்று விசில் அடித்தான். இருபத்தெட்டு வயதுக் கழுதை. அப்புறம் பாலம் வந்தது. பெண் கூப்பிட்டாள். கழுதை நடுவில் வந்து நின்றது. பலகை உடைந்து விழுந்தது. தம்பியின் கை என் கையை வந்து பிடித்தது.

திரையில் 'இடைவேளை' என்று வந்தது.

எங்கள் ஊரில் இங்கிலீஷ் படத்துக்கு எந்த இடத்தில் இடைவேளை விடுவது என்பது ஆபரேட்டர் இஷ்டம். தம்பி தலையில் அடித்துக்கொண்டான். அப்பா வயிறு குலுங்கச் சிரித்தார். "நான் இல்லப்பா! இந்தத் தடவ நான் இல்ல!" என்று இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார். பத்து நிமிஷம் மூன்று பேரும் சீட்டைவிட்டு எழுந்திருக்கவில்லை.

விளக்கு அணைந்தது. கழுதை ஒரு காலை எடுத்து வைத்தது. அடுத்த காலை வைத்தது. நிற்காமல் வந்து, அந்தப் பெண்ணின் தோளில் முகத்தை இடித்தது. இவ்வளவுதானா என்றிருந்தது, அடக்கமாட்டாத சந்தோஷமாகவும் இருந்தது. மணி அடித்தது. பிள்ளைகளோடு சேர்ந்து நானும் கைதட்டிக்கொண்டிருந்தேன். திரை முழுக்க வெள்ளையாகப் பனி கொட்டியது.

அப்பா மட்டும் கைதட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, சீட்டின் நுனிக்கு நகர்ந்து, அந்த வெள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னாப்பா?" என்றேன்.

"ஒண்ணுமில்ல பாப்பா. இதுக்கப்பறம் உங்கம்மா வருவா இல்ல, அதான் பாத்துக்கினு இருக்கேன்."

தம்பி அந்தப் பக்கத்திலிருந்து எட்டி, "வூட்டுக்குப் போயி அதையும் பாத்துடலாம்பா" என்றான்.

வரும்போது பஸ் ஸ்டாண்டில் உரித்துத் தின்ன வேகவைத்த மல்லாட்டைக் கடலை வாங்கிக்கொண்டோம். வீட்டுக்கு வந்து தம்பி சிடியைப் போட்டான். எங்கள் பழைய கழுதை பாலத்தில் வந்து நின்றது, புள்ளிகள் கொட்டின, அம்மா வந்தாள். ஊசியைக் கடித்துக்கொண்டு என் முக்காட்டோடு மல்லுக்கட்டினாள். அவள் புடவையை இழுத்துக்கொண்டு ஐந்து வயதுப் பையன் கேட்டான். "தாண்டிடும்டா, செத்த கம்முனு இரு" என்றாள்.

"தாண்டிடுச்சும்மா" என்றான் தம்பி.