மொட்டைமாடியில் ஒரு தூசி மீட்டர்

என் வீட்டுக்காரருக்குக் கடவுள் கண்ணும் மூக்கும் கொடுத்தது வெறும் அழகுக்குத்தான். எண்ணூரிலேயே பிறந்து வளர்ந்த மனுஷர். காலையில் துடைத்த ஜன்னல் கம்பியைச் சாயங்காலம் தொட்டால் விரல் கறுத்துப்போகிற தெரு எங்களுடையது. காற்று எந்தப் பக்கம் திரும்பினாலும் நிலக்கரித் தூசியோ சாம்பலோ வந்து சேரும். எங்கள் மகளுக்கு அப்போது எட்டு வயது. வீசிங். மூச்சை இழுத்தால் நெஞ்சுக்குள் விசில் சத்தம் கேட்கும். கொஞ்ச நாள் இடம் மாற்றிப் பாருங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கரித்தூசி எட்டாத புழலில் என் அண்ணன் வீட்டு மாடி காலியாகத்தான் இருந்தது. இவர் அசையவில்லை.

"எங்க நைனா கட்ன வூடுமே இது. நாங்கல்லாம் இங்கதான வளந்தோம். எனக்கு இன்னா ஆயிடுச்சி?" என்றார்.

அவருக்கு என்னென்ன ஆகியிருக்கிறது என்று நான் சொல்ல ஆரம்பித்திருந்தால் பொழுது விடிந்திருக்கும்.

அவர் கன்டெய்னர் யார்டில் எலக்ட்ரீஷியன். சாப்பிடும்போதுகூட செல்போனில் வீடியோ பார்ப்பவர். ஒருநாள் சாம்பார் கையோடு நிமிர்ந்து, காற்றில் தூசி எவ்வளவு என்று அளக்கும் மீட்டரை நாமே செய்யலாம் என்று அறிவித்தார். அதற்கு ஒரு குட்டி போர்டும் ஒரு சென்சாரும் போதுமாம்.

"நம்பர் சொல்லட்டும்மே. காத்து கெட்டுப்போச்சுன்னு நம்பர் சொல்லிச்சின்னா மறுநாளே வண்டி புடிக்கிறேன். இது சத்தியம்."

பெற்ற பிள்ளை இருமிச் சொன்னது போதவில்லை. டாக்டர் சொன்னது போதவில்லை. பிஸ்கட் அளவில் ஒரு போர்டு வந்து சொல்ல வேண்டும். சரி, அதுவாவது சொல்லட்டும் என்று நானும் ஒத்துக்கொண்டேன்.

போர்டு வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் மீன் வாங்கவில்லை, தண்ணீர் பிடிக்கவில்லை, ஒன்றும் நடக்கவில்லை. வீடியோவில் பேசிய பையன் "ரொம்ப சிம்பிள் நண்பர்களே" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். அவனுக்கு சிம்பிள். எங்கள் லேப்டாப்போ போர்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இவர் மென்பொருளை அழித்து ஏற்றினார், மறுபடி அழித்து ஏற்றினார், லேப்டாப்பைத் திட்டினார், கடைசியில் என்னையும் திட்டினார். கடைசியில் பார்த்தால், அவர் மாட்டியிருந்தது செல்போனுக்கு சார்ஜ் மட்டும் போடுகிற கேபிளாம். அதில் கரண்ட் போகும், தகவல் போகாது. டோல்கேட் கடைத்தெரு வரை போய் வேறு கேபிள் வாங்கிவந்து செருகியதும் போர்டில் ஒரு நீல லைட் மினுக்கியது. மகள் பிறந்த அன்று ஆஸ்பத்திரி வாசலில்கூட இவர் அப்படிச் சிரிக்கவில்லை.

அந்தப் போர்டின் பெருமையே அது குறைவாகக் கரண்ட் குடிக்கும் என்பதுதானாம். கால் மணி நேரத்துக்கு ஒருமுறை விழிக்கும். சின்ன விசிறியைச் சுற்றவிட்டுக் காற்றை உறிஞ்சும், தூசியை அளக்கும், செல்போனுக்கு அனுப்பும், மறுபடி தூங்கிவிடும்.

"ஒரே பேட்டரில மாசக்கணக்கா ஓடும்மே" என்றார்.

கொஞ்சம் வேலை செய்துவிட்டு மீதி நேரமெல்லாம் தூங்குவதை ஒரு திறமை என்று அட்டைப்பெட்டியிலேயே அச்சடித்திருந்தார்கள். இதையே நான் செய்திருந்தால் என் மாமியார் வீட்டில் வேறு பெயர் வைத்திருப்பார்கள்.

ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் ஓட்டை போட்டு, எல்லாவற்றையும் உள்ளே அடக்கி, மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிச் சுவரில் மாட்டினார். மாடிக்கு நான் போவதில்லை. எங்கள் தெருவில் வெள்ளைத் துணியை வெளியில் காயப்போடுகிற பைத்தியம் யாரும் கிடையாது.

மறுநாள் செல்போனில் பச்சை. பச்சை என்றால் காற்று சுத்தம். அதற்கு அடுத்த நாளும் பச்சை. வாரம் முழுக்கப் பச்சை. மலைவாசஸ்தலத்தில் எடுத்த கணக்கு மாதிரி இருந்தது.

"பாத்தியா? நீயும் உன் டாக்டரும். காத்து சூப்பரா கீது" என்று போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். அன்று முழுவதும் வீட்டுக்குள் வாயெல்லாம் பல்லாகத்தான் நடமாடினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதைவிட, பயமாக இருந்தது. புழல் கைவிட்டுப்போனது என்றே நினைத்தேன்.

அதே வாரம் பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட்டார்கள். மகளால் மூச்சுவிட முடியவில்லை. கிளினிக்கில் முகத்தில் மாஸ்க் மாட்டி மருந்துப் புகை பிடிக்கவைத்து, மத்தியானம் வீட்டுக்குக் கூட்டிவந்து படுக்கவைத்தேன். கழுத்துக்குழி உள்ளே போய்ப்போய் வந்தது. மீட்டர் கணக்கு வந்து சேருகிற பழைய போனை அவர் வீட்டில் விட்டுப்போயிருந்தார், எடுத்துப் பார்த்தேன். பச்சை. அந்தச் சனியனைப் பிடுங்கி ரோட்டில் எறிவதற்காகத்தான் மாடி ஏறினேன்.

தொட்டிச் சுவரில் டப்பா தெரியவில்லை. அதன்மேல் ஒரு உறை இருந்தது. தடித்த ரெக்சினில், ஓரமெல்லாம் எலாஸ்டிக் வைத்து, டெய்லரிடம் அளவு கொடுத்துத் தைத்த உறை. அடி முதல் நுனி வரை இறுக்கிப் பிடித்திருந்தது. அதன்மேல் ஒரு விரல் கனத்துக்குக் கரி. நான் தொடவில்லை. அவர் ஷிப்ட் முடிந்து வந்ததும் மாடிக்குக் கூட்டிப்போய் நிறுத்தினேன்.

"இன்னாய்யா இது?"

"கவரு" என்றார். கேட்டதற்காகவே சந்தோஷப்பட்டார். "தூசி பூந்துச்சின்னா சென்சாரு கெட்டுப்பூடும்மே. அதான் டப்பா வாங்குன அன்னிக்கே தைக்கக் குடுத்துட்டேன்."

எங்கள் பக்கத்தில் ஒரு பொருள் வாங்கினால் பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பே உறைக்கு அளவெடுப்பார்கள். டிவி, மிக்ஸி, தையல் மிஷின், பைக், சாமி படம் எல்லாம் உறைக்குள்தான் இருக்கும். விருந்தாளி வந்தால் கழற்றுவோம், போனதும் மாட்டுவோம். ஏன் என்று யாரும் யோசிப்பதில்லை, கை தானாகச் செய்யும். ஆனால் தூசியை அளக்கும் மீட்டருக்குத் தூசி படக்கூடாது என்று உறை போட்ட மேதை, எனக்குத் தெரிந்து, என் வீட்டுக்காரர் ஒருவர்தான்.

உறையை உருவினேன். போர்டு தூங்கி எழும்வரை இருவரும் அங்கேயே நின்றோம். கால் மணி நேரம் அவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. போன் கிணுகிணுத்தது. சிவப்பு. காத்திருந்து அடுத்ததையும் பார்த்தோம். அதுவும் சிவப்பு.

அவர் டப்பாவை இரண்டு தட்டு தட்டினார். "சென்சாரு பூட்ச்சி போல. வேற ஒண்ணு வாங்கிப் பாக்கலாம்" என்றார்.

கீழே வந்து துணிகளை மூட்டை கட்டினேன். மறுநாள் காலையில் நானும் மகளும் புழலில் இருந்தோம். அவர் அவங்க நைனா கட்டின வீட்டில் இருந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்தார். கையில் புது சென்சார் இருந்தது. இங்கேயும் அளந்து பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும் என்று சொல்லிக்கொண்டே, மாட்டுவதற்கு ஆணி தேடினார். மகள் பாயில் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தாள். தாண்டிப் போகப் பார்த்தவர் நின்றார். குனிந்தார். முட்டி போட்டு, அவள் நெஞ்சில் காதை வைத்தார். வைத்த காதை ரொம்ப நேரம் எடுக்கவேயில்லை.

"விசிலு இல்லமே" என்றார். கண் கலங்கியிருந்தது. "ஒண்ணுமே கேக்கலமே."

எனக்கும் அழுகை வந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. எண்ணூரில் இருந்தபோதும் அந்தக் காது அவரிடம்தான் இருந்தது.