கழுவி வந்த டப்பா

ஜூலை மாதத்தில் ஒரு திங்கட்கிழமை, மாலை ஆறு மணி இருபது நிமிடம். நேரம் இவ்வளவு சரியாக நினைவிருக்கக் காரணம், சமையலறைக் கடிகாரத்துக்குக் கீழே அன்று காலைதான் ஒரு தாளை ஒட்டியிருந்தேன். ‘ஏழு மணிக்குச் சமையலறை மூடப்படும்.’ ஏழுக்கு இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது. வெளியே மழை. உள்ளே கொடியில் மூன்று நாளாகக் காயாத துணிகள். வங்கியிலிருந்து வந்து கைகூடக் கழுவாமல், மகளின் பள்ளிப் பையிலிருந்து சாப்பாட்டு டப்பாவை எடுத்துத் திறந்தேன். வழக்கம்போல் பாதி அப்படியே இருந்தது. எலுமிச்சைச் சாதம், மூலையில் நான்கு துண்டு உருளைக்கிழங்கு.

அவள் பள்ளிக்குப் போகத் தொடங்கிய நாளிலிருந்து அந்தப் பாதி என்னுடையது. சிங்க் பக்கத்தில் நின்றபடியே, ஆறிப்போனதை அள்ளிப் போட்டுக்கொள்வேன். அதைப் பசி என்று சொல்ல முடியாது. எங்கள் வீட்டில் சோற்றைக் குப்பையில் போட மாட்டோம். கோயம்புத்தூரிலிருந்து புனேக்கு வந்தபோது எத்தனையோ பழக்கங்களை விட்டுவிட்டு வந்தோம். இது மட்டும் கூடவே வந்து, புனேயில் வாகட் பகுதியின் ஏழாவது மாடி வீட்டில் குடியேறிவிட்டது. கணவர் தட்டில் மிஞ்சிய தோசை, முந்தின நாள் பொரியல், மகளின் பாதி டப்பா எல்லாம் என் வயிற்றுக்குத்தான் வந்து சேரும். அதற்கு முந்தின வாரம் மருத்துவர் என் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு, எடையைக் குறைக்கச் சொல்லி, ஒரு நாளில் என்னென்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். உட்கார்ந்து சாப்பிட்டதை எல்லாம் சொன்னேன். நின்றுகொண்டு சாப்பிட்டது நினைவுக்கு வரவில்லை.

அன்று ஒரு கை சாதத்தை எடுத்தவள், திரும்ப டப்பாவிலேயே போட்டேன். மகளைக் கூப்பிட்டேன். பதினான்கு வயது, ஒன்பதாம் வகுப்பு.

“கண்ணு, இங்க பாரு. இனிமே உன்ற மிச்சத்த நான் திங்கறதா இல்ல. டப்பா காலியா வரோணும்.”

“இவ்ளோ வெச்சா எப்படி அம்மா காலி பண்றது?”

“எப்படியோ பண்ணு. எனக்குத் தெரிய வேண்டாம். ஆனா குப்பைல மட்டும் கொட்டாத. தொறந்தா காலியா இருக்கோணும், அவ்வளவுதான்.”

“ஓகே, பக்கா,” என்றாள்.

எனக்குத் தெரிய வேண்டாம் என்று நான் சொன்னேன். அவள் எப்போதும் சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை.

அந்த மழைக்காலத்தில் வீட்டுச் சாப்பாடே மாறிப்போனது. இட்லி மாவு அரைக்கிற கிரைண்டரைத் துணி போட்டு மூடினேன். என் ஒருத்திக்கு மட்டும் தனியாகச் சமைக்க நேரமில்லை. மற்றவர்கள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிற மனவலிமையும் இல்லை. அதனால் எல்லோருக்கும் அதே. ராத்திரிக்கு இரண்டு சப்பாத்தி, முளைகட்டின பயறு, கோஷிம்பீர் என்கிற வெள்ளரிக்காய்ப் பச்சடி. எண்ணெய் பாதி, உப்பு பாதி. தேங்காய் வாங்குவதையே நிறுத்தினேன்.

“ஏனுங்க அம்மிணி, ஆசிரமத்துல இன்னிக்கு என்ன பிரசாதம்?” என்று கேட்டுக்கொண்டேதான் என் கணவர் ஹிஞ்சவடி அலுவலகத்திலிருந்து வருவார்.

“வேணும்னா சாப்பிடுங்க. இல்லைன்னா ஏழு மணி ஆச்சு.”

“சாப்பிடறேன் சாமி. ஜெயில்லயாவது ஞாயித்துக்கெழம கறி போடுவாங்க.”

அவர் கோபப்படாததை ஒத்துழைப்பு என்று எடுத்துக்கொண்டேன். செப்டம்பரில் ஒருநாள் காரில் ஏறியபோது பூண்டுச் சட்னி வாடை அடித்தது. சீட்டுக்கு அடியில் எண்ணெய் ஊறின செய்தித்தாள் துண்டு கிடந்தது. கீழே பார்க்கிங்கில் வண்டியை நிறுத்தி, வடா பாவ் தின்று, வாயைக் கழுவிவிட்டு மேலே வந்துகொண்டிருந்தார். நான் எதுவும் கேட்கவில்லை. அவரிடம் கார் சாவி இருந்தது, எங்கே வேண்டுமானாலும் போய்ச் சாப்பிட முடிந்தது. அந்த வீட்டில் அப்படி ஒரு சாவி இல்லாதவள் யார் என்று அன்று யோசித்திருக்க வேண்டும்.

நான் இளைத்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுந்ததும் எடை பார்ப்பேன். குறைந்திருந்தால் அன்று வீட்டில் எல்லோருக்கும் நல்ல நாள். குறையாவிட்டால் கண்ணாடி முன்னால் நின்று என்னை நானே திட்டுவேன், வீடு முழுக்கக் கேட்கிற மாதிரி. “கையப் பாரு, எருமைக்கன்னாட்டம். இதத் தூக்கிக்கிட்டு எப்படித்தான் திரியறனோ.” புடவைக் கடையில் ஒருமுறை ரவிக்கைக்கு அளவு எடுத்த பெண்ணிடமும் அதையே சொல்லிச் சிரித்தேன். மகள் பக்கத்தில்தான் நின்றாள். பிறந்த நாளிலிருந்து அவளைப் பார்க்கிறவர்கள் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: அச்சு அசல் அம்மா. அந்த முகம், அந்தத் தோள், அந்தக் கை. நான் என்னைத் திட்டுவதாக நினைத்துக்கொண்டு யாரையெல்லாம் திட்டினேன் என்று எனக்கு உறைக்கவில்லை.

டப்பா மட்டும் மறுநாளிலிருந்தே காலியாக வந்தது. வெறும் காலி இல்லை. கழுவி வந்தது. மூடியின் விளிம்பில் சில நாள் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இருக்கும். பிள்ளை பொறுப்பாகிவிட்டாள் என்று பூரித்துப்போனேன். ஊருக்குப் போன் செய்யும்போதெல்லாம் இதைச் சொல்வேன். “டப்பாவ ஸ்கூல்லயே கழுவிக் கொண்டு வர்றா. நான் ஒரு வார்த்தைதான் சொன்னேன்.” கணவரிடமும் சொல்லிக்காட்டினேன். “பாத்தீங்களா? நீங்கதான் முனகறீங்க. அவ ஒரு பருக்கை விடறதில்ல.”

மாலையில் பசிக்கிறதா என்று கேட்டால், “நகோ, வேண்டாம் அம்மா, டப்பாவே ஃபுல்லா இருந்துச்சு,” என்பாள். ராத்திரித் தட்டை எடுத்துக்கொண்டு படிக்கிற மேஜைக்குப் போய்விடுவாள். எனக்கு அது சௌகரியமாக இருந்தது. எதிரில் யாரும் சாப்பிடாவிட்டால் எனக்குக் கஷ்டம் குறைவு. “வயிறு நெறஞ்சிருச்சு” என்று அவள் சொல்வது என் குரலிலேயே இருக்கும். நான் அதைச் சொல்லும்போது அது பொய் என்று எனக்குத் தெரியும். அவள் சொல்லும்போது நம்பினேன்.

காலை ஏழு ஐந்துக்குக் குடியிருப்பு வாசலில் பள்ளிப் பேருந்து வரும். பிள்ளைகளை ஏற்றி இறக்கிவிட ஒரு அம்மாள் அதில் இருப்பாள். நீலப் புடவை. பிள்ளைகள் அவளை மாவ்ஷி என்று கூப்பிடுவார்கள், மராத்தியில் சித்தி. தொடக்கத்தில் என்னைக் கண்டால் தலையை மட்டும் அசைப்பாள். மழைக்காலம் முடிவதற்குள் படியில் நின்று கும்பிடவே ஆரம்பித்துவிட்டாள். வாய் நிறையச் சிரிப்பு. நான் இளைத்துவிட்டதைப் பார்த்துத்தான் சிரிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஜனவரியில், சங்கராந்தி முடிந்து எதிர்வீட்டில் ஹல்தி குங்குமத்துக்கு, நம் ஊர் மஞ்சள் குங்குமம் மாதிரி, அழைத்தார்கள். மகளையும் கூட்டிப் போனேன். அந்த வீட்டம்மா நெற்றியில் குங்குமம் வைத்து, எள்ளுருண்டை கொடுத்து, என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். “அம்மாவும் பொண்ணும் சேந்து ஸ்லிம் ஆயிட்டீங்க. என்ன ரகசியம்? எங்களுக்கும் சொல்லுங்க,” என்றார் இந்தியில். நான் சிரித்தேன். மகள் எள்ளுருண்டையைக் கைக்குட்டையில் சுற்றி வைத்துக்கொண்டாள். நானும் அப்படித்தான் செய்தேன். லிஃப்டில் இருவரும் கைக்குட்டைகளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டோம். அப்போது எனக்கு மிகவும் பெருமையாக இருந்தது. இந்த ஒன்றை எழுதத்தான் கை தயங்குகிறது.

பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை காலை பதினொன்றே முக்காலுக்குப் பள்ளியிலிருந்து போன் வந்தது. மாடிப்படியில் மயங்கி விழுந்துவிட்டாள், முகவாயில் அடி, மருத்துவமனைக்குக் கொண்டுபோகிறோம் என்றார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது தையல் போட்டு முடித்திருந்தார்கள். ஆனால் வீட்டுக்கு அனுப்பவில்லை. நாடித்துடிப்பு மிகக் குறைவாக இருக்கிறது, ரத்தப் பரிசோதனையும் சரியில்லை என்று உள்ளே சேர்த்தார்கள். என்னைவிட வயதில் சிறிய ஒரு பெண் மருத்துவர் என்னைத் தனியே உட்காரவைத்தார்.

“காலையில் என்ன சாப்பிட்டாள்?”

“பாலும் வாழைப்பழமும். பஸ்ல சாப்பிடறேன்னு பழத்த எடுத்துட்டுப் போவா.”

“மதியம்?”

“டப்பா கட்டித் தர்றேன். காலியாத்தான் வரும். அவளே கழுவிக் கொண்டு வந்துருவா.” அந்த நாற்காலியில் உட்கார்ந்தும் அதைச் சற்றுப் பெருமையாகத்தான் சொன்னேன்.

“நீங்கள் பார்த்தீர்களா?”

“டப்பாவையா?”

“அவள் சாப்பிடுவதை. கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?”

யோசித்தேன். ஜூலைக்கு முன்னால் அவள் பாதி சாப்பிட்டது எனக்குத் தெரியும். மீதிப் பாதியை நான் சாப்பிட்டதால் தெரியும். அதற்குப் பிறகு எதுவும் தெரியாது.

மருத்துவர் மகளிடம் தனியாக வெகுநேரம் பேசினார். பல மாதமாகச் சரியாகச் சாப்பிடவில்லை, இது உடம்பை மட்டும் பிடித்த சிக்கல் இல்லை, மனநல மருத்துவரும் வந்து பார்ப்பார், நாளாகும் என்றார். பிறகு நான் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“டப்பாவ என்ன பண்ணுன கண்ணு?”

“குப்பைல போடல அம்மா. ப்ராமிஸ். ஒரு நாள்கூட வேஸ்ட் பண்ணல.”

“பின்ன?”

சுவரைப் பார்த்தபடி, “என் கை உன் கை மாதிரியே இருக்கு அம்மா,” என்றாள்.

மாலையில் கணவர் வந்தார். அவளைப் பார்த்துவிட்டு வெளியே வந்து, காரிடாரில் சுவரோரம் நின்றார். அழுதிருந்தார்.

“இப்பத் திருப்திதான உனக்கு?” என்றார்.

“நான் வேணும்னேவா செஞ்சேன்?”

“ஏழு மணிக்குப் பூட்டுப் போடற வீட்ல வேற என்ன நடக்கும்? புள்ள இருக்கிற வீடா அது?”

“நீங்க ஒரு நாளாவது அவ தட்ட எட்டிப் பாத்தீங்களா?”

“சமையக்கட்டு உன்ற ராஜ்ஜியம். நான் எங்க நுழையறது?”

வடா பாவைப் பற்றி அப்போதுகூட நான் வாய் திறக்கவில்லை. திறந்திருக்கலாம். எனக்குத் தெரியாமல் சாப்பிட்டவர் ஒருவர், எனக்குத் தெரியாமல் சாப்பிடாதவள் ஒருத்தி. நடுவில் நின்று நான் எடை பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

மறுநாளும் அதற்கடுத்த நாளும் ஒவ்வொரு வேளையும் ஒரு செவிலி பக்கத்தில் நின்று அவளைச் சாப்பிட வைத்தார். நாலு கரண்டிக் கஞ்சிக்கு முக்கால் மணி நேரம். நான் உள்ளே இருந்தால் அந்த நாலும் இறங்குவதில்லை. “அம்மா, கொஞ்சம் வெளிய இருங்க,” என்று செவிலி சொல்வார். வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கரண்டி தட்டில் படுகிற சத்தத்தை எண்ணிக்கொண்டிருப்பேன். ஊரிலிருந்து போன் வந்தால் எடுக்கவில்லை. எடுத்தால் டப்பாவைப் பற்றிக் கேட்பார்கள்.

சனிக்கிழமை மாலை, பார்வையாளர் நேரத்தில், கதவைத் தட்டிக்கொண்டு ஒரு பெண் வந்தாள். நீலப் புடவை இல்லாததால் சட்டென்று அடையாளம் தெரியவில்லை. கும்பிட்டதும் தெரிந்தது. பேருந்து மாவ்ஷி. கையில் துணியில் முடிந்த ஒரு எவர்சில்வர் டப்பா. அவள் இந்தியும் மராத்தியும் கலந்து பேசினாள். என் காதில் விழுந்தபடி எழுதுகிறேன்.

“பேபி விழுந்துருச்சுன்னு பசங்க சொன்னாங்க மேடம். அன்னிக்கே வந்திருப்பேன், லீவு கெடைக்கல.” டப்பாவை என் கையில் வைத்தாள். “பாசிப்பருப்புக் கிச்சடி. நல்லாக் கொழைய வெச்சிருக்கேன். இத்தன மாசம் உங்க கைச் சாப்பாடு தின்னேன். ஒரு வேளையாவது நான் குடுக்க வேணாமா?”

“என் கைச் சாப்பாடா?”

“தெனமும் குடுத்து விடுவீங்களே. மழைக்காலத்துல ஆரம்பிச்சது. ஸ்கூல் வாசல்ல எறங்கறப்போ, ‘மாவ்ஷி, மம்மி உங்களுக்குக் குடுத்தாங்க’ன்னு கையில வெச்சிட்டு ஓடிரும். பேபிக்கு வேற டப்பா இருக்கும்னு நெனச்சேன். பஸ் நிக்கற எடத்துல கொழாய் இருக்கு. தின்னுட்டு, கழுவி, சாயந்தரம் பையில வெச்சிருவேன். எச்சி டப்பாவத் திருப்பிக் குடுக்கறது தப்பில்லையா?” சிரித்தாள். பிறகு, கோபித்துக்கொள்வேனோ என்பது போல் குரலைத் தாழ்த்தினாள். “உப்பு மட்டும் எப்பவும் கொஞ்சம் கம்மி. அதப் போய்ச் சொல்லுவாங்களான்னு இருந்தேன்.”

டப்பாவின் அடிப்பக்கம் இன்னும் சூடாக இருந்தது. கட்டிலில் மகள் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டாள். ஊசி குத்திய கை மட்டும் போர்வைக்கு வெளியே கிடந்தது. மாவ்ஷி அந்த மணிக்கட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடியும் மணிக்கட்டைப் பார்த்தாள். சிரிப்பு மெல்ல மெல்ல அவள் முகத்தை விட்டுப் போனது.

“அப்போ இத்தன நாளும் இது என்ன சாப்பிட்டுச்சு, மேடம்?” என்று கேட்டாள்.