பள்ளிக் கடல்

பிள்ளைகளே, மகளிர் வாரத்துக்கு அரசிகளைப் பற்றிக் கட்டுரை எழுதி வந்திருக்கிறீர்கள். நல்லது. அரசிகளைப் பற்றி எழுத ஆள் எப்போதும் கிடைத்துவிடும். நான் கோ சுன்-தோக் என்பவளைப் பற்றிச் சொல்கிறேன். நீங்கள் உட்கார்ந்திருக்கும் இந்த வகுப்பறை அவள் மூச்சடக்கிச் சம்பாதித்தது.

கொரியப் போர் முடிந்த காலம். ஜேஜூ தீவில் நம் ஊர்ப் பள்ளி எரிந்து, சுவர்கூட மிஞ்சவில்லை. பு என்ற ஊர்த்தலைவர், கடலில் முங்கும் பெண்களைக் கூப்பிட்டார். கரையோரம் ஒரு பகுதியை ஒதுக்கி, அங்கே எடுக்கும் கடற்பாசியை விற்று வரும் பணம் முழுவதையும் பள்ளிக்கூடம் கட்டக் கொடுக்கச் சொன்னார். கூலி கிடையாது. அந்த இடத்துக்குப் பள்ளிக் கடல் என்று பெயர் வந்தது. ஆண்கள் குழு அமைத்தார்கள், கூட்டம் போட்டார்கள், அரிசிக் கள் குடித்தார்கள். நோகாமல் நுங்கு தின்ன அவர்களுக்குச் சொல்லியா தரவேண்டும்?

சுன்-தோக் ஊரிலேயே அதிக ஆழம் போகிறவள். அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"தலைவரே, எம் பொண்ணு மால்-சுன்னுக்குப் பள்ளியில ஒரு எடம் வேணும். அவ எழுதப் படிக்கக் கத்துக்கணும். குடுப்பீங்களா?"

"கட்டுறதே நீங்கதானம்மா! உம் பொண்ணுக்கு இல்லாத எடமா?"

அந்தப் பேச்சை நம்பி, பனி விழுந்த நாளிலும் பருத்தி உடுப்போடு தண்ணீரில் இறங்கினாள். வீட்டில் மால்-சுன் அடுப்புச் சாம்பலைப் பரப்பிக் குச்சியால் கீறிப் பழகிக்கொண்டிருந்தாள்.

"என்னடி எழுதுற?"

"தெரியலம்மா. எழுத்து மாதிரி இருக்கா?"

"எனக்கு மட்டும் தெரியுமாக்கும்!"

பள்ளி எழுந்தது. பெஞ்சுகள் போதவில்லை. குழு கூடி, வீட்டுக்கு ஒரு பிள்ளை என்று முடிவு செய்தது. பெயர் கொடுக்க வேண்டிய நாளில் சுன்-தோக் பள்ளிக் கடலில் இருந்தாள். கூரைச் செலவுக்கு இன்னும் பாசி வேண்டுமாம். அவள் கணவன் தே-சிக் போய், மகன் சங்-ஹோவின் பெயரைக் கொடுத்துவிட்டு வந்தான்.

"யாரக் கேட்டுக் குடுத்தீங்க?" ஈரத் தலையோடு வாசலில் நின்று கத்தினாள்.

"நாளைக்கி நமக்குத் திதி குடுக்கப் போறது அவன்தான? இவ இன்னொரு வீட்டுக்குப் போறவ."

"முங்குனது நான்!"

"அவளும் முங்கட்டுமே. கடல்ல எறங்க எழுத்து எதுக்கு?"

மறுநாள் கரையில் பெண்கள் குளிர்காய்ந்துகொண்டிருந்தபோது சுன்-தோக் சொன்னாள். "இனி பள்ளிக் கடல்ல யாரும் எறங்க வேணாம். பொண்ணுங்களையும் சேக்கட்டும், அப்பறம் பாசி தருவோம்."

நெருப்பில் சுள்ளியைத் தள்ளிக்கொண்டே ஒருத்தி சொன்னாள்.

"அக்கா, எம் பையன் உள்ள இருக்கான். அவன வெளிய தள்ளிட்டா?"

சொன்னது என் அம்மா. எல்லாருடைய மகனும் உள்ளே இருந்தான். சங்-ஹோவும்தான். எல்லாரோடும் சேர்ந்து சுன்-தோக்கும் கடலில் இறங்கினாள்.

நான் படிக்க வந்த காலத்தில் பெண்களுக்கும் இடம் கிடைத்தது. அதற்குள் மால்-சுன் தாயோடு முங்கத் தொடங்கியிருந்தாள். தம்பியின் மேல்படிப்பு அப்படித்தான் நடந்தது.

சில ஆண்டுகளுக்கு முன் பள்ளி முற்றத்தில் நினைவுக்கல் திறந்தார்களே, அன்று சங்-ஹோதான் சிறப்பு விருந்தினர். பெரிய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மாவின் தியாகத்தைப் பற்றி உருக்கமாகப் பேசினார். கைதட்டல் ஓயவில்லை. தொண்ணூறு தாண்டிய சுன்-தோக்கைத் தாங்கிப் பிடித்தபடி மால்-சுன் என்னிடம் கேட்டாள்.

"டீச்சர், இதுல எங்கம்மா பேரு எங்க இருக்கு?"

"பேரு போடலக்கா. 'கடல் மகளிர்'னு மட்டும் போட்டிருக்கு."

பின்பக்கம் குழுவில் இருந்த ஆண்களின் பெயர்கள் ஒன்று விடாமல் இருந்தன. அதை நான் சொல்லவில்லை. மால்-சுன் குனிந்து தாயின் காதில் சத்தமாகச் சொன்னாள், "அம்மா, ஒம் பேரு இல்லியாம்!"

கிழவி கல்லைத் தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"போட்டிருந்தா மட்டும்? நம்ம ரெண்டு பேர்ல யாருடி படிக்கப் போறா?"