தார் பூசிய படகு

செத்தவனைத் திட்டுவது பாவம் என்று இதை எழுதப் பல வருடம் தயங்கினேன். போன வாரம் காலடிப்பேட்டையில் எங்கள் தெருவுக்குத் தார் ரோடு போட்டார்கள். அந்த வாசனையில் நான் வளர்ந்த ராயபுரத்து வீடும் ஆடி அமாவாசையும் திரும்பி வந்தன.

படையல் முடிந்ததும் நைனா குடும்பத்துப் பழைய நோட்டைப் படிப்பார். முப்பாட்டனார் முனுசாமியைப் பற்றி அவர் மகன் எழுதி வைத்தது அது. துறைமுகம் கட்டாத காலத்தில் கப்பல் சரக்கைக் கரை சேர்த்த படகுக்காரர் முனுசாமி. படகின் பலகைகளைத் தைத்த கயிறு இற்றுவிட்டது என்று முதலாளி வரதப்பனிடம் சொன்னார். அவன் அதன்மேல் தாரைப் பூசிக் கடலுக்கு அனுப்பினான். அவர் திரும்பவில்லை. குடித்துவிட்டு மூழ்கினார் என்று ஊரை நம்ப வைத்தவனும் அவன்தான்.

"அம்மனுக்குக் காப்பு கட்டிக்கினு இருந்த மனுஷன் சாராயத்தத் தொடுவாரா?" என்று நைனா வரதப்பன் பேரைச் சொல்லிக் காய்ந்த மிளகாயை நெருப்பில் போடுவார்.

ஒருமுறை நான் இருமிக்கொண்டே கேட்டேன். "அவன்தான் எப்பவோ செத்துட்டானே, இன்னும் இன்னாத்துக்கு நைனா?"

"அவன் செத்துட்டான் கண்ணு. அவன் சொன்ன பொய் உயிரோட கீது."

வடிவுடையம்மனிடம் எல்லாம் கேட்கிறேன். அவனை மன்னிக்கும் மனசை மட்டும் கேட்டதில்லை.

யாரிடம் சொன்னாலும் இப்படியே சொல்லுங்கள். பாவம் என்று வரதப்பன் பேரை விட்டுவிடாதீர்கள்.