ஒத்தும் புள்ளியும்

கன்னடத்தில் இரண்டு மெய்கள் சேர்ந்து வந்தால் இரண்டாவது எழுத்து சின்னதாகி முதல் எழுத்தின் காலடியில் போய்த் தொங்கும். அதற்கு ஒத்து என்று பெயர். தமிழில் தலையில் ஒரு புள்ளி வைத்து நாம் முடித்துவிடுகிற காரியம்தான். இதை எனக்குச் சொன்னவள், பெங்களூர் ஆடுகோடியில் ஒரு ரேடியம் கடையில் என் எதிரே உட்கார்ந்து வேலை செய்தவள்.

ரேடியம் கடை என்றால் ஸ்டிக்கர் கடை. ஆட்டோவின் முதுகு, பைக் நம்பர், கல்யாணக் கார், கடைப் பலகை, கண்ணாடிக் கதவு என்று எல்லாவற்றுக்கும் எழுத்து வெட்டித் தருவோம். நான் பெங்களூருக்கு வந்தது தொண்ணூற்று ஒன்றில். பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போடு சரி. பீன்யாவில் லேத் பட்டறை, மார்க்கெட்டில் மூட்டை, ஓசூர் ரோட்டில் லாரி கிளீனர் என்று ஒவ்வொன்றையும் சில மாதம் பார்த்தேன். நடுவில் காரணம் இல்லாமல் ஹூப்ளி, சேலம் என்று கிளம்பிவிடுவேன். திரும்பி வரும்போது பழைய வேலை இருக்காது. இரண்டு நாள் பட்டினி கிடந்தால் மூன்றாம் நாள் ஏதாவது கிடைக்கும். அப்படி ஒரு மூன்றாம் நாள்தான் ஏணி பிடிக்க ஆள் வேண்டும் என்று ரேடியம் கடையில் கூப்பிட்டார்கள். போகப் போக ஏணியில் ஏறினேன், அப்புறம் மிஷினும் ஓட்டினேன். ராத்திரி அங்கேயே, ஸ்டிக்கர் ரோல் வந்த அட்டைப்பெட்டிகளைப் பிரித்துப் போட்டுப் படுத்துக்கொள்வேன்.

முதலாளி கண்டோன்மெண்ட் தமிழர். கடன் வாங்கி அந்த வெட்டும் மிஷினை இறக்கியிருந்தார். ஒரு ஆள் படுக்கிற அகலம். "இது மிஷின் இல்லடா, எங்க வீட்டு மூத்த மாப்பிள்ளை. எவ்ளோ செஞ்சாலும் முறைச்சிக்கிட்டே நிக்கும்" என்பார்.

மிஷின் எழுத்தின் ஓரத்தைத்தான் வெட்டும். எழுத்தைச் சுற்றி இருக்கும் தேவையில்லாத ஸ்டிக்கரை ஊசியால் நெம்பிக் கையால் உரிக்க வேண்டும். வேஸ்ட் எடுப்பது என்று அதைச் சொல்வோம். அந்த வேலைக்குத்தான் அவள் வந்தாள். கடைக்குப் பின் சந்தில் வீடு, அம்மாவோடு இருந்தாள். தாத்தா காலத்திலிருந்தே பெங்களூர். படித்தது கன்னடப் பள்ளிக்கூடம். தமிழ் வாய் கிழியப் பேசுவாள், ஒரு எழுத்து படிக்கத் தெரியாது. எனக்கு நேர்மாறு. கன்னடம் காதில் ஏறும், கண்ணில் ஏறாது. கம்ப்யூட்டரில் முதலாளி அடித்துக் கொடுப்பதைப் படம் மாதிரி பார்த்துத்தான் வெட்டுவேன்.

ஒத்தும் சரி, புள்ளியும் சரி, எழுத்தோடு ஒட்டாமல் தனியாக நிற்கும் துண்டுகள். அவசரத்தில் உரித்தால் வேஸ்ட்டோடு போய்விடும். ஒத்துக்கு அவள் காவல், புள்ளிக்கு நான்.

"யோவ் ஊர்சுத்தி, உன் புள்ளி ஒண்ணு என் வளையல்ல ஒட்டிக்கிச்சு. வந்து எடுத்துக்கோ."

"அங்கயே இருக்கட்டும்."

"இருக்கட்டுமா? அப்போ அந்த ஆட்டோ 'அமமா துணை'ன்னே ஓடட்டும்."

எங்கள் ஊரில் ஒத்து என்றால் நாயனக்காரருக்குப் பக்கத்தில் ஒருவர் ஒரே சுருதியை விடாமல் ஊதிக்கொண்டிருப்பாரே, அந்தக் குழல் என்று ஒருநாள் சொன்னேன்.

"விடாம ஒரே எடத்துல இருந்து ஊதணுமா? அப்போ அது உனக்கு ஆவாது" என்றாள்.

பெரிய பலகை என்றால் அவளும் கூட வருவாள். பலகையில் சோப்புத் தண்ணீர் தெளித்து எழுத்தை வைத்தால் கொஞ்ச நேரத்துக்கு நகர்த்தலாம். அழுத்தித் தேய்த்துவிட்டால் முடிந்தது. நான் ஏணி மேல் நிற்பேன், அவள் எதிர்ச் சாரியில் நின்றுகொண்டு சத்தம் போடுவாள். "ஒத்து இன்னும் ஸ்வல்பம் கீழ! கீழன்னா கீழய்யா, பக்கத்து வீட்டுக்குப் போவாத!" ரோட்டில் போகிறவர்கள் சிரிப்பார்கள். சரியாக வைக்கத் தெரிந்த பிறகும் நான் ஒத்தைக் கொஞ்சம் தள்ளித்தான் வைப்பேன். அந்தச் சத்தத்துக்காக.

இரண்டாயிரம் தாண்டி இரண்டு மூன்று வருஷத்தில் சின்ன மிஷின்கள் வர ஆரம்பித்தன. டைப்ரைட்டர் அளவுதான் இருக்கும். வெளிநாட்டில் பொழுதுபோக்குக்கு வாங்குவார்களாம். சாஃப்ட்வேர் ஆட்கள் கொண்டுவந்து மேசையில் வைத்து, முதலில் தங்கள் பைக்குக்கு வெட்டிக்கொண்டார்கள். அப்புறம் நண்பன் பைக், அப்புறம் நண்பனின் தங்கை கல்யாணக் கார். எங்களுக்குக் கல்யாணக் கார்தான் முதலில் போயிற்று.

"என் மச்சான் வீட்லயே வெட்டறான் பாஸ். நீங்க ஒட்டி மட்டும் குடுங்க" என்று ஸ்டிக்கரோடு வருவார்கள். பார்த்தால் ஒத்து இருக்காது, வேஸ்ட் என்று உரித்துப் போட்டிருப்பார்கள். முதலாளி அதைக் கையில் பிடித்து எல்லோருக்கும் காட்டிச் சிரிப்பார். பிறகு சிரிக்காமல் சொல்வார்: "வீட்டு மிஷின் ஸ்டிக்கர் ஒரு மழை தாங்காது. எழுதி வெச்சிக்கோங்க." வாரத்துக்கு வாரம் அதைச் சொல்லும் குரல் மட்டும் உயர்ந்துகொண்டே போனது. உட்கார்ந்திருக்கும் வாடிக்கையாளர்தான் குறைந்தார்கள்.

அவளுடைய அம்மா கோரமங்களாவில் ஒரு அடுக்குமாடி வீட்டில் சமையல் செய்தாள். அந்த வீட்டுப் பையன் அமெரிக்காவிலிருந்து ஒரு சின்ன மிஷின் கொண்டுவந்து, கிடாருக்கும் காருக்கும் பூப்பூவாக வெட்டி ஒட்டி, சலித்துப்போய்ப் பரண் மேல் போட்டிருந்தான். அம்மா வீட்டில் வந்து சொல்லியிருக்கிறாள். இவள் தன் கம்மலை விற்று அதை வாங்கிவிட்டாள்.

என்னை வீட்டுக்குக் கூப்பிட்டுக் காட்டினாள். தகர டிரங்க் பெட்டி மேல் துண்டு விரித்து அதன் மேல் வைத்திருந்தாள். வேலை கெட்டிதான். ஆனால் ஒரு முழத்துக்கு மேல் அகலம் போகாது.

"பெரிய எழுத்து வராதே" என்றேன்.

"சின்னது வருதுல்ல. அது போதும்." துண்டின் ஓரத்தை நீவிவிட்டுக்கொண்டே சொன்னாள்: "கன்னடம் நான் பார்த்துக்குவேன். தமிழுக்கு ஆள் வேணும். ஒத்து ஊத வர்றியா?"

அம்மா அடுப்பங்கரையில் பாத்திரத்தை உருட்டாமல் நின்றாள். கேட்டது மிஷினைப் பற்றி மட்டும் இல்லை என்று எனக்குத் தெரியும். ஒரு வீடு, ஒரு டிரங்க் பெட்டி, தினமும் அதே எதிர் முகம். வேண்டும் என்றுதான் இருந்தது. வாயில் வந்தது வேறு.

"பார்க்கலாம்" என்றேன்.

அடுத்த வாரம் பெல்லாரி பக்கம் சுரங்க லாரிகளுக்கு எழுத்து ஒட்ட ஆள் கேட்டார்கள் என்று கிளம்பிவிட்டேன். சிவப்புத் தூசியில் இருமிக்கொண்டு ஆறேழு மாதம். திரும்பி வந்தபோது சந்தில் அந்த வீட்டில் வேறு யாரோ இருந்தார்கள். மல்லேஸ்வரத்தில் அக்கா வீட்டோடு போய்விட்டார்கள் என்று பக்கத்தில் சொன்னார்கள். முதலாளி என்னை வேலைக்குச் சேர்த்துக்கொண்டார். "போட்டிக்காரி பேச்சை மட்டும் இங்க எடுக்காத" என்றார். எதிர் ஸ்டூலில் ஆள் இல்லை. மிஷின், வேஸ்ட், ஏணி எல்லாம் நானே.

அப்போதுதான் பீன்யாவில் ஒரு மெஸ்ஸிலிருந்து ஆர்டர் வந்தது. 'ஹள்ளி ஊட்டா' என்று பெரிய சிவப்பு எழுத்து. கிராமத்துச் சாப்பாடு என்று பொருள். வெட்டி, உரித்து, பஸ்ஸில் கொண்டுபோய் ஒட்டினேன். மெஸ்காரர் மார்க்கெட் போயிருந்தார். பந்தி பரிமாறும் ஆட்கள் எல்லாரும் கிருஷ்ணகிரி பக்கம், என்னைப் போலவே கன்னடம் படிக்கத் தெரியாதவர்கள். தள்ளி நின்று பார்த்து "சூப்பர்ண்ணா" என்றார்கள். எனக்கும் சூப்பராகத்தான் தெரிந்தது. எதிர்ச் சாரியில் நின்று சத்தம் போட யாரும் இல்லை.

நாலைந்து நாள் கழித்துக் கடைக்குப் போன் வந்தது. முதலாளி போனை வைத்துவிட்டுத் தலையில் கை வைத்தார். ஹள்ளியில் ஒத்து இல்லை. ஒத்து போனால் அது ஹளி. கன்னடத்தில் ஹளி என்றால் தண்டவாளம். தண்டவாளச் சாப்பாடு.

"ஆட்டோக்காரனுங்க எல்லாம் 'எத்தன மணிக்கு ரயிலு'ன்னு கேட்டுட்டு உள்ள வர்றானுங்களாம். டேய், வீட்டு மிஷின்காரன் பண்றத நம்ம கடை பண்ணிடுச்சேடா."

குப்பையைக் கிளறிப் பார்த்தேன், பழைய ஒத்து கிடைக்கவில்லை. புதிதாக ஒன்று வெட்டினேன். அதைப் பின்தாளோடு சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மறுநாள் பஸ் ஏறினேன்.

மெஸ் வாசலில் நின்று நிமிர்ந்தால் ஒத்து இருந்தது. சரியான இடத்தில், சரியான சாய்வில். நிறம் மட்டும் எங்கள் கடைச் சிவப்பு இல்லை. கொஞ்சம் ஆரஞ்சு கலந்த மலிவுச் சிவப்பு.

மெஸ்காரர் பாதி கன்னடமும் பாதி தமிழுமாகச் சொன்னார். "நேத்து ஒந்து அம்மா வந்து ஒட்டிட்டு ஹோதரு. துட்டு குடுத்தேன், பேடா, வேணாம்னுட்டாங்க. உங்க கடை ஆளுதானாமே?"

"ஆமா" என்றேன்.

அங்கிருந்து நேராக மல்லேஸ்வரம் போனேன். விசாரித்து விசாரித்துப் பூ மார்க்கெட்டுக்குப் பின்னால் அந்த வீட்டைக் கண்டுபிடித்தேன். கரண்ட் போயிருந்தது. அவள் ஜன்னல் வெளிச்சத்தில் தரையில் உட்கார்ந்து வேஸ்ட் எடுத்துக்கொண்டிருந்தாள். அதே டிரங்க் பெட்டி, அதே துண்டு.

"வந்துட்டியா? எந்த ஊரு?"

"பெல்லாரி."

"அங்க இன்னா இருக்கு?"

"ஒண்ணும் இல்ல."

"அதைப் பார்க்க ஆறு மாசமா?"

மெஸ் ஒத்தைப் பற்றிக் கேட்டேன். "பீன்யா ஃபேக்டரிங்களுக்கு மிஷின்ல ஒட்டற சின்ன ஸ்டிக்கர் குடுக்கப் போறேன். தினம் அந்தப் பக்கந்தான் பஸ்ஸு. நம்ம கடைச் செவப்புல தண்டவாளம்னு எழுதியிருந்தா கண்ணு உறுத்தாதா?"

"நம்ம கடை ஆளுன்னு சொன்னியாமே."

"பின்ன? போட்டிக் கடைன்னு சொன்னா ஏற ஸ்டூல் குடுப்பாரா அந்த ஆளு?"

சிரித்தோம். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் கேட்டுவிட வேண்டும் என்று நினைத்தேன். தமிழுக்கு ஆள் இன்னும் வேண்டுமா என்று, அவ்வளவுதான். அவள் முந்திக்கொண்டாள்.

"நல்ல நேரத்துல வந்தே. இந்தத் தமிழைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லு." மடியில் இருந்ததைத் திருப்பிக் காட்டினாள். கல்யாணக் கார் ஸ்டிக்கர். இரண்டு பேர், நடுவில் இதயம். இரண்டாவது பேர் அவளுடையது. "அவரு பீன்யாவுலதான் வேலை. ஸ்டிக்கர் குடுக்கப் போன எடத்துல பழக்கம். சொந்த ஊரு தருமபுரி, கார்ல தமிழ்ல இருக்கணும்னு அவங்க வீட்ல ஆசைப்படறாங்க."

பார்த்தேன். மாப்பிள்ளை பேரின் கடைசி எழுத்துக்குப் புள்ளி இல்லை.

"ஐயோ, வேஸ்ட்டோட போயிடுச்சா?" தரையில் தேடினாள். வளையலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அங்கேயும் இல்லை. "கரண்ட் வந்தா வெட்டிடுவேன். சாயங்காலம் வந்து வாங்கிக்கிறேன்னாங்க."

பையிலிருந்த ஒத்தை எடுத்தேன். அவளுடைய கத்தியாலேயே அதில் ஒரு வட்டம் கீறினேன். கையால் வட்டம் கீறுவது கஷ்டம். மெதுவாகச் செய்தேன். ஊசி முனையில் எடுத்து அந்த எழுத்தின் தலையில் வைத்தேன்.

"செவப்பு வேற மாதிரி இருக்கே" என்றாள்.

"தூரத்துல தெரியாது."

அவள் எழுந்தாள். உள்ளே போய்க் காபி கொண்டுவந்தாள். குடித்தேன். செருப்பை மாட்டும்போது, "கல்யாணத்துக்கு வந்துடு" என்றாள்.

"பார்க்கலாம்" என்றேன்.

போகவில்லை. அந்த வாரம் தும்கூரில் இருந்தேன்.

அப்புறம் ஃப்ளெக்ஸ் பேனர் வந்து பெரிய மிஷின், சின்ன மிஷின் இரண்டையுமே ஓரம் கட்டியது. முதலாளி கடையை ஜெராக்ஸ் கடை ஆக்கினார். நான் ஊர் ஊராகப் போய்விட்டு மறுபடி பீன்யாவிலேயே ஒரு பெயின்ட் கோடவுனில் வந்து விழுந்தேன். மெஸ் அங்கேயே இருந்தது, பலகையும் மாறவில்லை. எங்கள் கடை எழுத்து இன்னும் சிவப்பாகவே இருந்தது. ஒத்து மட்டும் வெயிலில் வெளுத்து, தண்ணீர் கலந்த ரோஸ் மாதிரி ஆகியிருந்தது. தூரத்தில் இருந்து பார்த்தால் மறுபடியும் தண்டவாளம்தான்.

மெஸ்காரரிடம் ஸ்டூல் கேட்டேன்.

"திருகா என்னப்பா, மறுபடியுமா?" என்றார்.

"சும்மா, பார்க்கத்தான்."

ஏறி நின்று ஒத்தின் ஓரத்தை நகத்தால் நெம்பிப் பார்த்தேன். எத்தனையோ மழை பெய்திருக்கும். உரியவில்லை.