விளக்கம் சார் கதை எழுதப் போனது

அந்தப் பேருந்து நிறுவனத்தில் பஸ் எதன் மீதாவது மோதினால், டிரைவரும் கண்டக்டரும் அடிபட்டவரும் ஆளுக்கொரு கடிதம் எழுதித் தர வேண்டும். மூன்றையும் வாங்கி, பிசைந்து, ஓர் அறிக்கையாக உருட்டித் தருகிறவர் விபத்துப் பிரிவு எழுத்தர். எதற்கெடுத்தாலும் "எழுத்து மூலமா விளக்கம் குடுங்க" என்பார் என்பதால், அவர் விளக்கம் சார் ஆனார். பெற்றோர் ஆசையாக வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு நின்றுவிட்டது.

இருபத்திரண்டு வருடங்களாக அவர் மேஜைக்கு வந்த கடிதங்களின்படி, எந்த டிரைவரும் எந்த மரத்தின் மீதும் மோதியதில்லை. மரங்கள்தான் முன்னறிவிப்பின்றிக் குறுக்கே வந்தன. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் இந்தக் கலையை அன்றாடம் படித்தவர் என்பதால், மனித மனத்தைக் கரைத்துக் குடித்தவன் தானே என்று அவருக்கு ஓர் எண்ணம். அதை மேனேஜர் ஒருநாள் போட்டு உடைத்தார்.

"சார், உங்க ரிப்போர்ட்டைப் படிச்சா, பஸ் மோதிச்சா, இல்ல தூங்கிடுச்சான்னே தெரியலை. கொஞ்சம் உயிரோட எழுதக் கூடாதா?"

விளக்கம் சாருக்குச் சுருக்கென்றது. அன்று மாலை நூலகத்து வாசலில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது: கதை எழுதப் பழகலாம், ஆறு சனிக்கிழமைகள். ரோஷத்தோடு உள்ளே போய்ப் பெயரைக் கொடுத்தார்.

வகுப்பில் எட்டுப் பேர். நடத்தியவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. முதல் நாளே கரும்பலகையில் களம், கதைமாந்தர், முரண், கதைப்பின்னல், நோக்குநிலை என்று எழுதினார். விளக்கம் சாருக்குச் சிரிப்பு வந்தது. இதற்கா ஆறு சனிக்கிழமை? களம் என்றால் சம்பவ இடம். கதைமாந்தர் என்றால் சம்பந்தப்பட்டவர்கள். முரண் என்றால் மோதல். அதுதான் அவருக்குச் சோறு போடுகிறது. கதைப்பின்னல் என்றால் நடந்தது நடந்தபடி.

"அது மட்டும் இல்லை சார்," என்றார் டீச்சர். "பஸ் மரத்துல மோதிச்சுன்னா அது நடந்தது. டிரைவர் மனசு வேற எங்கயோ இருந்துச்சு, அதனால மோதிச்சுன்னா, அதுதான் பின்னல். அதுல ஒரு ‘ஏன்’ இருக்கணும்."

"எங்க படிவத்துல ‘ஏன்’னு ஒரு கட்டமே கிடையாது டீச்சர்," என்றார் விளக்கம் சார், பெருமையாக.

மூன்றாவது சனிக்கிழமை தன் கதையைப் படித்தார். கற்பனைக்கு மெனக்கெடவில்லை, சொந்த வீட்டிலிருந்தே எடுத்துக்கொண்டார். பதினோரு வருடங்களுக்கு முன் ஒருநாள், பொறுமைசாலியான ஒரு கணவனின் மனைவி, காரணமே இல்லாமல் வீட்டைப் பூட்டிக்கொண்டு எங்கோ போய்விடுகிறாள். பொழுது சாயும்போது திரும்பி வருகிறாள். கணவன் ஒரு கேள்வி கேட்கவில்லை. பெருந்தன்மையாக மன்னிக்கிறான். பொறுத்தார் பூமி ஆள்வார் என்று முடித்திருந்தார்.

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்தம்மாவுக்கு என்ன வேணும்?"

"என்ன வேணும்னா? ஒண்ணும் வேணாம். வீட்டுல எல்லாம் இருக்கு."

"அப்ப அவங்க கதைமாந்தர் இல்லை சார். மேஜை நாற்காலி மாதிரி அவங்களும் ஒரு சாமான்."

ராத்திரி முழுக்க அந்தச் ‘சாமான்’ அவரை உறுத்தியது. மறுநாள் காலை, ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் வேலை பார்க்கும் அவர் மனைவி சீருடையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். இவர் காகிதமும் பேனாவுமாக எதிரே உட்கார்ந்தார்.

"அன்னைக்கு வீட்டைப் பூட்டிட்டு எங்க போன?"

"என்னைக்கு?"

"பதினோரு வருஷத்துக்கு முன்னாடி."

அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "அடடா, என்ன அவசரம்! இன்னும் கொஞ்ச வருஷம் போகட்டுமே."

அவர் பேனாவை மூடவில்லை. அவளும் கடைசியில் சொன்னாள்.

"சூப்பர்வைசர் பரீட்சையில பாஸ் பண்ணி எனக்கு ஆர்டர் வந்துச்சு. வேற ஊரு. உங்ககிட்ட நீட்டினேன். பேப்பர்ல இருந்து கண்ணை எடுக்காம, ‘வேணாம்னு எழுதிடு, இங்க யாரு சமைக்கிறது’ன்னீங்க."

"நானா சொன்னேன்?"

"இல்லை, குறுக்கே வந்த மரம் சொல்லுச்சு." அவள் ஏற்ற இறக்கமில்லாத குரலில் தொடர்ந்தாள். "மறுநாள் பஸ் ஏறிக் கடைசி ஸ்டாப் வரைக்கும் போனேன். அங்க பெஞ்சுல உட்கார்ந்து அந்த லெட்டரை எழுதினேன். ரெண்டு தடவை கிழிச்சேன். மூணாவதைப் போஸ்ட் பண்ணிட்டுத் திரும்பி வந்தேன். நீங்க ஏதாவது கேப்பீங்கன்னு பார்த்தேன். ‘தண்ணி வந்துச்சா’ன்னு கேட்டீங்க."

ஊரில் உள்ள டிரைவர்களிடமெல்லாம் விளக்கம் வாங்கியவர், வாயைத் திறந்து கேட்டது இதுதான்:

"எந்த ரூட்?"

"பதினேழு. உங்க கம்பெனி பஸ்தான்."

அவர் கதையைக் கிழித்துப் போட்டுவிட்டு, அவளுடைய நோக்குநிலையிலிருந்து எழுத உட்கார்ந்தார். இரண்டு வாரம் ஆனது. அவள் எட்டிப் பார்த்துத் திருத்தினாள். "‘சும்மா உட்கார்ந்திருந்தாள்’னு போடாதீங்க. நான் சும்மா இல்லை." அவர் அடித்தார். "‘கண்ணீர் வடித்தாள்’னும் வேணாம். அழல. பசிச்சுது." அதையும் அடித்தார். தன் எழுத்தில் இவ்வளவு பொய் இருக்கும் என்று அவர் நினைக்கவே இல்லை; இத்தனைக்கும் அவர் டிரைவர் அல்ல.

ஆறாவது சனிக்கிழமை அவளும் கூடவே கிளம்பினாள். "அடிபட்டது நான்தானே. ரிப்போர்ட் சரியா இருக்கான்னு பார்க்கணும்."

அவர் கதையைப் படித்து முடித்தார். முதலில் பேசியது, அழகு நிலையம் நடத்தும் பெண்மணி.

"கதை நல்லா இருக்கு சார். அந்தப் பொம்பளை அப்படியே கண்ணு முன்னாடி நிக்கிறா. ஆனா அந்தப் புருஷன்தான் நம்புற மாதிரி இல்லை. ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு, பதினோரு வருஷமா ஒரு வார்த்தை கேக்காத ஆள் இருப்பானா? ரொம்ப மிகைப்படுத்திட்டீங்க."

மற்றவர்களும் தலையாட்டினார்கள். டீச்சரும், "ஆமா, அவனுக்குக் கொஞ்சம் மனுஷத்தன்மை குடுக்கலாம்," என்றார். கடைசி வரிசையில் அவர் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். கல்யாணமாகி இருபத்தாறு வருடங்களில் அவள் இப்படிச் சிரித்து அவர் பார்த்ததில்லை. அல்லது, கவனித்ததில்லை.

"திருத்திடறேன்," என்றார் விளக்கம் சார், முகம் சிவக்க.

"ஒரு எழுத்துகூட மாத்தாதீங்க!" என்றது கடைசி வரிசை.

இரண்டு மாதம் கழித்து ஆஸ்பத்திரியில் மறுபடியும் சூப்பர்வைசர் பரீட்சை அறிவித்தார்கள். இந்த முறை அவள் படிவத்தை யாரிடமும் நீட்டவில்லை. நிரப்பிக் கொடுத்துவிட்டு வந்து, சாப்பிடும்போது சொன்னாள். அவர் கையிலிருந்த பேப்பரை மடித்துக் கீழே வைத்தார்.

"எப்போ பரீட்சை?"

அவள் தேதியைச் சொன்னாள். அன்றைக்குச் சமையல் யார் என்பதையும் சேர்த்துச் சொன்னாள்.