கருவாட்டுக் காவல்

போன வாரம் எங்கள் நைனா என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார்: "நான் இன்னா கருவாடா?"

நியாயமான கேள்விதான். அவரை நாங்கள் அப்படித்தான் வைத்திருந்தோம்!

மகாபலிபுரத்துக்குப் பக்கத்துக் கடலோரக் குப்பம் எங்களுடையது. மீனைக் கீறி, உப்புப் போட்டு, மணலில் காயவைத்தால் வீட்டில் ஒருத்தர் மாற்றி ஒருத்தர் கோலோடு உட்கார வேண்டும். காக்கை, நாய் எதுவும் அண்டக்கூடாது.

என் அண்ணன் குமரேசன் போன ஆடியில் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டான். அதைப் பற்றி முன்பு இதே பத்திரிகைப் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். அப்புறம் நைனா கடலுக்குப் போகவில்லை. சோறும் இறங்கவில்லை. ஒரு நாள், "நானும் அவன் பின்னாலயே பூடணும்" என்றார்.

பயந்துபோய், வாரம் ஒருமுறை செங்கல்பட்டிலிருந்து ஜீப்பில் வரும் டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனோம். மாத்திரை கொடுத்தார். "தனியா விடாதீங்க. கூடவே இருங்க. அவரை மனசு விட்டுப் பேச விடுங்க" என்றார்.

மூன்று விஷயம். எங்கள் மண்டையில் ஏறியது முதல் விஷயம் மட்டும். நான் ஆறாவதோடு நின்றவள்... எங்களோடு இருக்கும், பத்தாவது வரை படித்த அத்தைக்கு என்ன வந்தது?

அத்தை உடனே முறை போட்டாள். காலையில் அவள், மத்தியானம் நான். நைனா பீடி வாங்கப் போனாலும் பின்னாலேயே போவோம். கண்ணை மூடினால் மூக்கில் விரல் வைத்துப் பார்ப்பாள் அத்தை! பேச்சு மட்டும் கிடையாது. "குமரேசன் இருந்தா..." என்று அவர் ஆரம்பித்தாலே, "ஏண்டி, உங்க நைனாக்கு டீ போடு" என்பாள். மனுஷர் எத்தனை டீதான் குடிப்பார்?

அன்று மீனுக்கும் நைனாவுக்கும் சேர்த்து நான்தான் காவல். அப்போதுதான் அந்தக் கருவாட்டுக் கேள்வி.

"சுத்திச் சுத்திக் காவல் காக்குறீங்களே... எப்டி கீற நைனான்னு ஒருத்தராவது கேட்டீங்களா?"

"கேட்டா நீ அழுவியோன்னு..."

"அழுதா இன்னா? கரைஞ்சா பூடுவேன்?"

கேட்டே விட்டேன். "சாவணும்னு இன்னும் தோணுதா நைனா?"

அவர் கோபிக்கவில்லை. "காலைல தோணுச்சி. நீ கேட்டதும் கொஞ்சம் தேவல." அப்புறம், "உங்கண்ணன் மொத நாளு கட்டுமரம் ஏறி வாந்தி எடுத்தான். இன்னாடான்னா, மீனுக்குத் தீனி போடறேன்னான்!" என்றார்.

சிரித்தேன். அந்தச் சிரிப்பு எங்கே அழுகையானதோ தெரியாது. நைனாவும் அழுதார். கரைந்து போகவில்லை.

நேற்று மூன்று பேருமாக டாக்டரம்மாவிடம் போனோம். காலையில் வரும் அந்த நினைப்பை நைனாவே சொன்னார். அத்தை கடைசிவரை உட்கார்ந்து கேட்டாள். அங்கே டீ போட அடுப்பு இல்லையே!

அது சரி, அன்றைக்கு மீன் என்ன ஆச்சு என்கிறீர்களா?

"பாதி மீனைக் காக்கா தூக்கினு பூட்ச்சி! நீ இன்னாத்தடி காவல் காத்த?" என்று கத்தினாள் அத்தை.

"நைனாவ" என்றேன்.